சயாம் ரயிலுக்குப் போனவர்களைப் பாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி மாதத்தில் கோலாலம்பூரில் சில குடும்பங்கள் ஒன்றுகூடி, சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்துப் பாடுகிறோம். மேடை, மாலை, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்களும், தங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதலில், சயாம் மரண ரயில் என்றால் என்ன? என் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை, செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்குத் தெரியாது. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்த தன் படைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானிய ராணுவம் ஒரு ரயில் பாதை போட்டது. தாய்லாந்தில் பான் போங் பக்கத்தில் தொடங்கி பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், அதுவும் மலையும் காடுமான வழியில். 1942-இல் தொடங்கிய வேலையை 1943 அக்டோபர் 17-ஆம் தேதி முடித்தே விட்டார்கள். எப்படி முடிந்தது என்றால், 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளையும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளிகளையும் அந்தக் காட்டில் இறக்கிவிட்டதால் முடிந்தது. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனார்கள் என்று கணக்கு. அதில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு உண்டு என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அப்போது தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்திருந்த காலம், அதனால் நம்பிப் போனவர்களும் இருந்தார்கள். ஆள் சேரவில்லை என்றானதும் பிடித்துக்கொண்டு போனார்கள். சரக்கு வண்டியில் ஏற்றிப் பல நாள் பயணம், பிறகு காட்டுக்குள் நடை. அங்கே காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத கால்புண். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் 90,000 பேருக்குக் குறையாது என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் கணக்கு. சரியான எண்ணிக்கை இனிமேலும் கிடைக்காது, ஏனென்றால் கைதிகளுக்குப் பெயர்ப் பதிவு இருந்தது, அவர்களுடைய அதிகாரிகள் ரகசியமாகவாவது குறித்து வைத்தார்கள், நம் ஆட்களை அந்த மாதிரி யாரும் எழுதி வைக்கவில்லை.

நினைவுச்சின்னம், வரலாற்று நூல் எல்லாம் இருக்கும்போது பாட்டு எதற்கு?

சின்னமும் வேண்டும், நூலும் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை வந்த காலத்தைப் பாருங்கள். தாய்லாந்தில் அந்தப் பாதை போகும் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்து. நம் ஆட்களை அங்கங்கே குழி தோண்டிப் புதைத்தார்கள், விறகு கிடைத்த இடத்தில் எரித்தார்கள், சில இடங்களில் அதுகூட நடக்கவில்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கூட்டப் புதைகுழியைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வந்தன. யாருடைய எலும்பு என்று யார் சொல்ல முடியும்? மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து அங்கே ஒரு நடுகல் நாட்டியது அண்மையில்தான் நடந்தது.

ஆக, இடையில் பல பத்தாண்டுகள் கல் இல்லை, நூல் மிகக் குறைவு, பள்ளிப் பாடத்தில் ஒரு வரி இருந்தால் அதிகம். அந்தக் காலம் முழுக்க இந்தச் சாவுகளைச் சுமந்தது லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பெண்கள் அழுத அழுகைதான். வேறொரு சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது, நடுவில் தன் அண்ணனையும் புருஷனையும் இழுத்துப் பாடிவிடுவார்கள். கிழவர் ஒருவர் படுக்கையில் செத்திருப்பார், ஆனால் கட்டிப்பிடித்து அழுகிற பெண் முப்பது வருடத்துக்கு முன் ரயிலேறிப் போனவனுக்காக அழுவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும், யாரும் தடுக்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமுதாயம் தன் இறந்தவர்களை வைத்துக் காத்த இடம் அதுதான். நான் பாட்டைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

பாடினால் துக்கம் குறையுமா?

குறையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தனியாக மூச்சு முட்டும் துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும், அதை உறுதியாகச் சொல்லலாம். ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டால் புரியும்: ஒரு வரி, நீண்ட இழுப்பு, மூச்சு, அடுத்த வரி. அழுகை வரும்போது நமக்கு முதலில் கெடுவது மூச்சு, பாட்டு அந்த மூச்சைப் பிடித்து நிறுத்தி அளந்து விடவைக்கிறது. அதோடு ஒருத்தி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்வாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒன்றாக ஆடுவார்கள். யாரும் தனியாக விழுந்துவிடாதபடி ஒரு ஏற்பாடு அதில் இருக்கிறது.

சயாம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் வரவில்லை, இறந்த நாள் தெரியாது, கருமாதி செய்ய வழியில்லை. கூடப் போய்த் திரும்பி வந்த யாராவது "உன் வீட்டுக்காரனை நடுக்காட்டில் பார்த்தேன், வாந்திபேதியில் கிடந்தான்" என்று சொன்னால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. பல பெண்கள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே வருடக்கணக்கில் இருந்தார்கள். சடங்கு எதுவும் நடக்க முடியாத இடத்தில் பாட்டுக்கு மட்டும் உடலும் தேவையில்லை, தேதியும் தேவையில்லை.

அப்படியானால் எந்த நாளில் பாடுகிறீர்கள்?

திதி தெரியாத முன்னோர்களுக்கெல்லாம் சேர்த்துப் படைக்கும் நாள் மகாளய அமாவாசை. எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்கவில்லை. அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் கூடுகிறோம். சிலர் அக்டோபர் 17 என்கிறார்கள், பாதை இணைந்த நாள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, அது ஜப்பானிய ராணுவம் தன் வேலையை முடித்துக்கொண்ட நாள், அதற்குப் பிறகும் பாதையைப் பழுதுபார்க்கும் வேலையில் நம் ஆட்கள் இறந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சொல்வார்கள், அதை மதியுங்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஆத்தா, ஒரு ஒப்பாரி பாடு" என்று வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டால் எந்தப் பாட்டியும் பாட மாட்டார், பாடச் சொல்வதும் முறையில்லை. நாங்கள் வீட்டுக்கு வெளியேதான் வைத்துக்கொள்கிறோம். சமூக மண்டபம், பூங்காவில் ஒரு கொட்டகை, பழைய தோட்டத்தின் மரத்தடி, இப்படி எங்கேயாவது. பாடி முடித்ததும் முகம் கை கால் கழுவிக்கொண்டு, விளக்கேற்றி, ஒரு தேவாரமோ சிவபுராணமோ பாடி முடிக்கிறோம். அப்படி முடித்தால் பாட்டிகளுக்கு மனம் நிம்மதியாக இருக்கிறது, "சரி, இனி வீட்டுக்குப் போகலாம்" என்று அவர்களே எழுந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் ஜெபத்தோடும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் துஆவோடும் முடித்துக்கொள்ளலாம்.

எங்கள் பாட்டிக்குப் பாட்டு மறந்துவிட்டது என்கிறார். எப்படிப் பதிவு செய்வது?

இதை எல்லாவற்றிலும் அவசரமான கேள்வி என்று நினைக்கிறேன். 1943-இல் பெரியவர்களாக இருந்தவர்கள் இன்று நம்மிடம் இல்லை. இப்போது இருப்பவர்கள் அன்று சிறுபிள்ளைகள், அம்மா அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள். அவர்களுக்கே எண்பது தாண்டிவிட்டது.

"மறந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் தனியாக வராது என்று அர்த்தம். பாடுங்கள் என்று கேட்காதீர்கள். உங்க அம்மா யாரை நினைச்சு அழுவாங்க, எந்தத் தோட்டம், லயத்தில் எத்தனையாவது வீடு, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) யார் பெயர் கூப்பிடுவார், ரயிலேறிய அன்றைக்கு என்ன சமைத்தார்கள், இப்படிக் கேட்டுக்கொண்டே போங்கள். பேச்சு நடுவில் ஒரு வரி ராகத்தோடு வந்து விழும். அப்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஆகா என்றுகூடச் சொல்லக் கூடாது. அதே வயதுடைய தங்கையோ பக்கத்து வீட்டுத் தோழியோ கூட இருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் விட்ட வரியை இன்னொருவர் எடுப்பார். உடம்பு ஆடினால் பாட்டு வரும், ஆகவே சாய்வு நாற்காலியில் உட்காரவைக்காமல் பாயிலோ பெஞ்சிலோ பக்கம் பக்கமாக உட்காரவிடுங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, அவர் மடிக்கு அருகில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருங்கள். முடிந்ததும் பாடியவர் பெயர், யார் பாடக் கேட்டார், எந்தத் தோட்டம், யாருக்காகப் பாடியது என்று உங்கள் குரலிலேயே கடைசியில் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பாட்டு மட்டும் இருந்து இந்த நான்கும் இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அது யாருக்கும் சொந்தமில்லாத பாட்டாகிவிடும். இணையத்தில் போடுவதற்கு முன் அவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

புதிதாகப் பாட்டு எழுதலாமா?

எழுத வேண்டும். பாட்டியின் பாட்டு பாட்டியினுடையது, பேரனுக்கும் தன் துக்கத்தைச் சொல்ல ஒரு பாட்டு வேண்டும்.

எங்களுக்கு வருகிற பாட்டுகளில் பாதிக்கு மேல் "தியாகச் செம்மல்களே", "வீர வணக்கம்", "வரலாறு மறக்காது" என்று தொடங்குகின்றன. எழுதியவரின் மனம் நல்லதுதான், ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒரு ஆள்கூட இல்லை. அவர்கள் தியாகம் செய்யப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள், அல்லது பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களை வீரர்களாக்கினால் அவர்களுக்கு நடந்த அநியாயம் மறைந்துவிடுகிறது. ஒப்பாரி ஒருபோதும் இந்தத் தப்பைச் செய்யாது. அது எப்போதும் ஒருத்தி ஒருவனைப் பார்த்து "நீ" என்று பேசுவது. அவன் சட்டை, அவன் வெற்றிலைப் பெட்டி, அவன் சாப்பிடாமல் விட்டுப்போன கஞ்சி என்று கைக்கு எட்டுகிற பொருளைப் பிடித்துக்கொண்டுதான் அழும். சங்க காலத்தில் அரசனை இழந்தவர்கள் பாடிய கையறுநிலைப் பாட்டுகளும் அப்படித்தான், பாரியின் மகள்கள் பாடினார்களே, போன மாத நிலாவில் அப்பா இருந்தார், குன்றும் நம்மிடம் இருந்தது, இந்த மாத நிலாவில் குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை என்று.

மாதிரிக்காக நானே கட்டியது:

பாலெடுக்கப் போன கையி
பாலங்கட்டப் போனதய்யா
மூணு மாசந் தானேன்னு
முடிச்சுவச்ச பெட்டியில
மூணு தலைமுறையா
உஞ்சட்டை காத்திருக்கு

இதில் பெரிய கவித்துவம் எதுவும் இல்லை. ஆனால் பால்மரத் (ரப்பர்) தோட்டம் இருக்கிறது, பாலம் இருக்கிறது, மூன்று மாதம் என்று சொன்ன பொய் இருக்கிறது, ஒரு சட்டை இருக்கிறது. முதல் எழுத்து மோனையாக வந்தால் அடுத்த வரி தானாக ஞாபகம் வரும், எழுத்தறியாதவர்கள் இத்தனை பாட்டை மனதில் வைத்திருந்தது அந்தப் பிடிமானத்தால்தான். உங்கள் குடும்பத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். தோட்டத்தின் பெயரைக் கண்டிப்பாகப் போடுங்கள், ஏனென்றால் அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதியாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிவிட்டன, பாட்டில் வைத்தால்தான் பெயராவது தங்கும்.

சினிமா மெட்டில் எழுதலாமா? உறுமி மேளம் வைக்கலாமா?

சினிமா மெட்டு வேண்டாம் என்பது என் கருத்து. கேட்பவர் மனதில் உடனே நடிகர் முகம் வந்து நிற்கும், போனவருக்கு இடம் இருக்காது. தாலாட்டு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பாரியும் தாலாட்டும் நெருங்கிய சொந்தம், எல்லோருக்கும் வரும். உறுமி நம் ஊரில் சாவு வீட்டுக்கும் உரியது, திருவிழாவுக்கும் உரியது. மெதுவாக ஒற்றை உறுமி வைத்தால் நன்றாக இருக்கிறது. ஒலிபெருக்கி போட்டு முழு மேளம் என்றால் யார் என்ன பாடுகிறார்கள் என்றே கேட்காது.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. பெரியவர்கள் அழுவார்கள் என்று முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

இது தமிழர் துக்கம் மட்டும்தானா? தேசிய துக்கம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மலாய்க்காரர்களும் சீனர்களும் அந்தப் பாதையில் இறந்தார்கள், ஜாவாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள், பர்மியர்கள் ஏராளம். ஆகவே இது மலாயாவின் துக்கம், நாடு சேர்ந்து அழ வேண்டியது. இந்த நாட்டுக்கு அப்படி அழத் தெரியும். எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, 2014 ஆகஸ்ட் 22-ஆம் தேதி முதல் உடல்கள் வந்து இறங்கிய அன்று, நாடு முழுக்க ஒரு நிமிடம் நின்றது. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மௌனத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி தேவை, யாருக்காக நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் நிற்க முடியும். சயாம் ரயில் பலருக்குத் தெரியாத செய்தி. அதற்கு முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு மலாய் நண்பர்கள் வந்து தங்கள் மொழியில் சயிர் என்ற மலாய்ச் செய்யுளைப் பாடியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு கொடுக்க ஓடாதீர்கள், பாடி முடித்ததும் யாருக்காகப் பாடினீர்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், போதும்.

பினாங்கிலிருந்து கேட்கிறேன். வேறு துயரங்களுக்கும் இப்படிச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முறை வேறு. 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் பெரிப் படகுத் துறை இடிந்து 32 பேர் இறந்தார்கள், 1,600-க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவும் சீனர்களின் கோவில் திருநாளும் ஒன்றாக வந்ததால் அத்தனை கூட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமி தீவின் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக அடித்துப் போனது. இவற்றில் தேதி தெரியும், இடம் தெரியும், பெயர்கள் தெரியும், கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஆகவே முதலில் குடும்பங்களைக் கேளுங்கள், அவர்கள் பாடட்டும், நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள்.

எம்எச்370 போன்றவை வேறு. 239 பேரோடு 2014 மார்ச் 8-இல் காணாமல்போன விமானம். இன்னும் காத்திருக்கும் வீட்டுக்கு முன்னால் ஒப்பாரி பாடாதீர்கள். ஒப்பாரி பாடினால் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டதாக ஆகும், அதை முடிவு செய்கிற உரிமை அந்த வீட்டுக்கு மட்டுமே. சயாமுக்குப் போனவரின் மனைவி தாலியோடு காத்திருந்தபோது ஊர் அவசரப்பட்டு அழுதிருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிரார்த்தனைப் பாட்டு பாடலாம், திரும்பி வா என்று பாடலாம்.

பாட்டில் யாரையாவது குற்றம் சொல்லலாமா? ஜப்பானியர் மேல் வெறுப்பு வளராதா?

நடந்ததைச் சொல்லுங்கள். ஜப்பானிய ராணுவம் செய்தது என்றால் ஜப்பானிய ராணுவம் என்றே பாடுங்கள், இன்றைய ஜப்பானியப் பிள்ளைகள் மேல் அதைப் போடாதீர்கள். அதோடு நம் வீட்டுக் கதையையும் மறைக்க வேண்டாம். ஒரு தோட்டம் இத்தனை ஆள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பட்டியல் எழுதியவர்கள் தோட்டத்துக் கிராணிகளும் (எழுத்தர்களும்) கங்காணிகளும் (மேற்பார்வையாளர்களும்) தான், யாரை எழுதினார்கள், யாரை விட்டார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களிலும் வேறு வழியில்லாமல் செய்தவர்கள் உண்டு, கூடவே போய்ச் செத்தவர்களும் உண்டு. பாட்டு இரண்டையும் தாங்கும். இந்த மாதிரிக் கசப்பை மேடைப் பேச்சில் சொன்னால் சண்டை வரும், பாட்டில் வரும்போது தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு அழுகையே வரவில்லை. நான் வரலாமா?

வாருங்கள். உங்களுக்கு அவர்களைத் தெரியாது, எப்படி அழுகை வரும்? பெயர்ப்பட்டியல் வாசிக்க ஆள் தேவைப்படுகிறது.

காஞ்சனபுரிக்கே போய்ப் பாட முடியுமா?

முடியும். பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். தாவோர்ன் வராராம் விகாரையில் ஆசியத் தொழிலாளிகளுக்கான பழைய நினைவுத் தூண் இருக்கிறது, நடுகல்லும் அந்த வளாகத்தில்தான். விகாரையில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், காலை நேரம் நல்லது. பழைய பாதையில் ‘நாம் தோக்’ என்ற நிலையம் வரைக்கும் இன்றும் ரயில் ஓடுகிறது, மலையை ஒட்டி மரப் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போகும் இடமும் அந்த வழியில் வரும். சுற்றுலாப் பயணிகள் நிறைய இருப்பார்கள், படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள். வயதானவர்களோடு போனால் வெயிலுக்கு முன் விகாரையை முடித்துக்கொண்டு பிறகு ரயில் ஏறுங்கள். போகும்போது உங்கள் ஆட்களின் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், புரட்டாசியில் இங்கே வாசிக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம்.